தங்கக் கோடாலி வேண்டாம்!

சில மாதங்களுக்கு முன்னால் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கான போட்டி. என்னைத் தவிர இன்னும் இரண்டு நடுவர்கள். தலைப்பை விழாக் குழுவே கொடுத்திருந்தது: 'உண்மையே உயர்வு.'

ஒரு மணி நேரத்தில் விடைத்தாள்கள் மேஜைக்கு வந்துவிட்டன. ஆமாம், கதை எழுதிய பேப்பருக்கும் அங்கே பெயர் விடைத்தாள்தான். முதல் பேப்பரைப் பிரித்தேன். ஒரு ஊரில் ஒரு விறகுவெட்டி. இரண்டாவது பேப்பரிலும் விறகுவெட்டி. மூன்றாவதிலும் அவரே. கோடாலி ஆற்றில் விழுகிறது, தேவதை வருகிறாள், தங்கக் கோடாலி, வெள்ளிக் கோடாலி, இரும்புக் கோடாலி. கடைசியில் அடிக்கோடு போட்டு, 'நீதி: உண்மை பேசினால் நன்மை உண்டாகும்.' பாதிக்கு மேல் இதே கதை. பல பேப்பர்களில் வாக்கியம்கூட மாறவில்லை. ஒரே டீச்சர் ஒரே நாளில் போர்டில் எழுதிப் போட்டிருக்க வேண்டும்.

கொட்டாவியோடு புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பேப்பர் கையில் நின்றது. அதிலும் விறகுவெட்டிதான். தேவதையும் உண்டு. ஆனால், இந்தக் கதையில் ஆற்றங்கரைக்குப் போனது விறகுவெட்டி இல்லை, அவன் மகன். தேவதை தங்கக் கோடாலியை நீட்டுகிறாள். பையன் வேணாம் என்கிறான். வெள்ளி? வேணாம். இரும்பு? அதுவும் வேணாம். 'அப்ப உனக்கு என்னதான் வேணும்?' என்று தேவதை கோபமாகக் கேட்கிறாள். பையன் சொல்கிறான்: 'எங்கப்பா மரம் வெட்டப் போயி தீவாளிக்கும் வரல. எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லு.' தேவதைக்கு அது தெரியவில்லை. அவள் தண்ணிக்குள் போய்விட்டாள். கதை முடிந்தது.

நீதி இல்லை. ல, ள, ழ மூன்றும் இடம் மாறியிருந்தன. எழுதியவன் கல்வராயன் மலையிலிருந்து வந்து கீழே விடுதியில் தங்கிப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன்.

நான் இதற்குத்தான் முதல் பரிசு என்றேன். மற்ற இரண்டு நடுவர்களும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சார், பதினேழு எழுத்துப் பிழை இருக்கு. எண்ணிட்டேன்."

"தலைப்புக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லையே சார். உண்மை எங்க வருது இதுல?"

"கொச்சைத் தமிழ் வேற. இதுக்குப் பரிசு குடுத்தா மத்த பசங்க பேரன்ட்ஸ் சண்டைக்கு வந்துருவாங்க."

இரண்டுக்கு ஒன்று. நான் தோற்றேன். தங்கக் கோடாலிக் கதைகளில் கையெழுத்து அழகாக இருந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தோம். மதிப்பெண் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தப் பையனைத் தேடிப் பிடித்தேன். "கதை ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. "தப்பா எழுதிட்டேன் சார். அடுத்த தடவை கரெக்டா எழுதறேன்" என்றான்.

அந்த 'கரெக்டா'தான் இந்த வாரம் என்னை எழுத வைக்கிறது. அடுத்த தடவை அவன் தங்கக் கோடாலிக் கதையை அச்சு அசலாக எழுதுவான். பரிசும் வாங்குவான். அதற்குப் பெயர் கல்வி என்று நாம் கை தட்டுவோம்.

நம் குழந்தைகளுக்குக் கற்பனை வளம் குறைந்துவிட்டது, டி.வி-யும் செல்போனும் கெடுத்துவிட்டன என்று பெரியவர்கள் கூடும் இடமெல்லாம் புலம்பல் கேட்கிறது. கற்பனை எங்கும் போகவில்லை. அதைக் கண்ணெதிரே பார்த்தாலும் நமக்கு அடையாளம் தெரிவதில்லை. பார்த்தவுடன் சிவப்பு மையால் சுழித்துவிடுகிறோம்.

சரி, அந்தத் தங்கக் கோடாலிக் கதை யாருடையது? நம் பாட்டி சொன்னது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஈசாப் கதை. கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே தேவதை கிடையாது, ஹெர்மஸ் என்ற கடவுள். பானைக்குள் கல் போட்ட காக்காவும் ஈசாப்தான். சந்தேகமே இல்லாமல் நம்மூர் ஆயா என்று நாம் நினைக்கும் வடை சுட்ட பாட்டி கதையும் ஈசாப்தான். அங்கே காக்காவின் வாயில் இருந்தது பாலாடைக்கட்டி.

பாலாடைக்கட்டியை வடையாக்கியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத யாரோ ஒருவர், சீஸ் என்றால் நம்மூர்ப் பிள்ளைக்குப் புரியாது என்று அடுப்பைப் பற்றவைத்து, ஒரு பாட்டியை உட்கார வைத்து, வடை சுட விட்டார். ஹெர்மஸை தேவதையாக்கியவரும் அப்படி ஒருவர்தான். கற்பனை என்பது இதுதான். வெளியிலிருந்து வந்த கதையைத் தன் வாசலுக்கு இழுத்து வந்து தன் வீட்டு ஆட்களை அதில் நடமாட விடுவது. கல்வராயன் மலைப் பையன் செய்ததும் இதையேதான். அன்றைக்கு வடை சுட்டவரைக் கொண்டாடுகிறோம். இன்றைக்கு இவனுக்குப் பதினேழு எழுத்துப் பிழை எண்ணுகிறோம்.

இதில் ஒரு பையனின் பரிசோடு முடிந்துபோகாத விஷயமும் இருக்கிறது. கல்வராயன் மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் மலையாளி. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலையேறிய அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் என்று தங்களைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறார்கள். இந்தக் கதை அச்சில் இருக்கிறது. யார் எழுதியது? எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி. 1909-ல் வெளியான தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறமும் அந்த மலையைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஜாகிர்தார்கள் காலத்தில் வரிக் கணக்கில் எழுதினார்கள். வனத்துறை எழுதியது. சாராய வழக்குகளில் போலீஸ் எழுதியது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பத்திரிகைகள் ஒரு நாள் எழுதின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தபோது எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதினோம். அந்தப் பேச்சில் கல்வராயன் மலையும் இழுபட்டது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த மலை மக்களின் வாழ்நிலை பற்றி வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று கேட்டது. நல்லது. கேட்கத்தான் வேண்டும்.

இவ்வளவு எழுத்திலும் ஒரு மலைக் குழந்தை தன் வீட்டைப் பற்றித் தானே எழுதி, நாம் படித்தது எத்தனை பக்கம்?

அந்தப் பையனின் அப்பா எங்கே மரம் வெட்டப் போனார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால், வடதமிழ்நாட்டு மலைகளிலிருந்து கூலிக்கு வெளியூர் போகும் ஆண்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவதில்லை என்பது நமக்கு நன்றாகவே தெரியும். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஏழைக் கூலிகள். மலையாளிப் பழங்குடியினரும் அதில் இருந்தார்கள். நமக்கு அது மூன்று நாள் தலைப்புச் செய்தி. 'எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லு' என்று ஒரு பத்து வயதுப் பையன் எழுதும்போதுதான் அந்தச் செய்திக்குள் ஒரு வீடு இருப்பது தெரிகிறது. அந்த வாக்கியத்துக்குத்தான் நாம் 'தலைப்புக்குச் சம்பந்தமில்லை' என்று மார்க் போட்டோம்.

சென்னையில் கதை வேறு மாதிரி. என் நண்பர் ஒருவர் ஏழு வயது மகள் எழுதிய ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். வழவழ அட்டை, பின்னால் போட்டோ, 'மிக இளம் வயது எழுத்தாளர்' என்று ஒரு சான்றிதழ். உள்ளே யூனிகார்ன், கோட்டை, இளவரசி. "நீயே எழுதினியாம்மா?" என்றேன். குழந்தை அம்மாவைப் பார்த்தது. அம்மா கோடை வகுப்பு மிஸ்ஸைச் சொன்னார். மிஸ் கொஞ்சம் திருத்தினாராம், மீதியைக் கம்ப்யூட்டர் 'பாலிஷ்' பண்ணியதாம். வகுப்புக்கும் அச்சுக்கும் ஆன செலவைச் சொன்னார் நண்பர். மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூலகமே வைத்துவிடலாம்.

மலைப் பையனிடம் இருந்த கதையைத் திருத்திப் பிடுங்கிக்கொண்டார்கள். சென்னைக் குழந்தையிடம் இருந்த கதையைப் பணம் கொடுத்து மூடினார்கள். இரண்டு குழந்தைகளும் கற்றுக்கொண்டது ஒரே பாடம்: 'நீ சொல்வது போதாது.'

இனிமேல் இது இன்னும் முட்டாள்தனம். தங்கக் கோடாலிக் கதை வேண்டுமென்றால் சாட்ஜிபிடியைக் கேளுங்கள், பிழையில்லாமல், நீதியோடு, பத்து விநாடியில் பத்து விதமாகத் தரும். தீபாவளிக்கு வராத அப்பாவைப் பற்றி அந்தப் பையன் மட்டும்தான் எழுத முடியும். மெஷின் செய்கிற வேலையைக் குழந்தைக்குப் பழக்கிவிட்டு, குழந்தை செய்கிற வேலைக்கு பூஜ்யம் போடுகிறோம்.

'குறை சொல்வது சுலபம், என்ன செய்வது என்று சொல்லுங்கள்' என்பீர்கள். சொல்கிறேன். இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்லை. உலகத்தில் பல வாத்தியார்கள் எப்போதோ செய்து காட்டியவை. ஒரு நயா பைசா செலவில்லாதவை.

ஒன்று: குழந்தை சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கதை கட்டுவதும் எழுத்தைக் கூட்டுவதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால், சின்னக் குழந்தை தனக்கு எழுத வருகிற வார்த்தைக்குள் கதையைச் சுருக்கிவிடும். அமெரிக்காவில் சிகாகோ நகரத்து டீச்சர் விவியன் பேலி, நாலைந்து வயதுக் குழந்தைகள் சொல்லச் சொல்ல அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே அதை நடித்துப் பார்க்கும். 1981-ல் 'வாலியின் கதைகள்' என்று ஒரு புத்தகமே எழுதினார். குழந்தை 'வந்துச்சு' என்றால் 'வந்துச்சு' என்றே எழுதுங்கள். 'வந்தது' அப்புறம் வரும்.

இரண்டு: தலைப்பாக ஒழுக்கத்தைக் கொடுக்காதீர்கள். இத்தாலியில் ஜியான்னி ரோடாரி என்ற குழந்தை எழுத்தாளர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வார்த்தைகளைக் கொடுத்துக் கதை கேட்பார். நாயும் அலமாரியும் மாதிரி. 1973-ல் இதை விளக்கி ஒரு புத்தகம் போட்டார். வெள்ளிமலையில் ஒரு வகுப்பில் 'கடுக்காயும் கரன்ட் கம்பமும்' என்று கொடுத்துப் பாருங்கள். அண்ணா நகரில் 'லிஃப்ட்டும் மாடும்' என்று கொடுங்கள். ஈசாப் உதவிக்கு வர முடியாது, குழந்தையே யோசித்தாக வேண்டும்.

மூன்று: நீதி கேட்காதீர்கள். குழந்தை கதை சொல்லி முடித்ததும் 'இதிலிருந்து என்ன தெரியுது?' என்று கேட்கும் பழக்கத்தை விடுங்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். கதை அங்கே வளரும்.

நான்கு: திருத்தம் கடைசியில். இங்கேதான் தமிழ் வாத்தியார்கள் என் மேல் பாயப் போகிறார்கள். 'அப்போ எழுத்துப் பிழை பரவாயில்லையா?' பரவாயில்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்தப் பையனுக்கு ல, ள, ழ தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் நாளைக்கு ஒரு மனுகூட எழுத முடியாது, இன்னொருவனிடம் போய் நிற்க வேண்டும். ஆனால், எதற்காகத் திருத்திக்கொள்கிறோம் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டும். 'என் கதை எல்லாருக்கும் புரியணும்' என்ற ஆசை வந்துவிட்டால் அவனே ஒன்பது தடவை திருத்துவான்.

சும்மா சொல்லவில்லை. இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக் குக்கிராமம். பள்ளிக்கூடங்கள் ஃபெயிலாக்கி விரட்டிய ஏழை விவசாயிகளின் பிள்ளைகளுக்கு அங்கே லோரென்ஸோ மிலானி என்ற பாதிரியார் பாடம் நடத்தினார். எட்டுப் பையன்கள் சேர்ந்து, தங்களை ஃபெயிலாக்கிய டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். தோன்றியதையெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுக்கு ஒரு விஷயம் என்று எழுதினார்கள். மேஜையில் பரப்பி, ஒத்ததை ஒத்ததோடு அடுக்கினார்கள். வேண்டாத வார்த்தையை வெட்டினார்கள். அதிகம் படிக்காத ஆட்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டி, புரியாத இடங்களை மாற்றினார்கள். கடிதம் 1967-ல் புத்தகமாக வந்து இத்தாலியின் கல்வித்துறையையே உலுக்கியது. 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று தமிழிலும் வந்திருக்கிறது. திருத்தம் என்றால் அது. சிவப்பு மை அல்ல.

ஐந்து: படிக்க ஆள் வேண்டும். மார்க் போடுகிறவர் மட்டும் படிக்கும் கதையை யாருக்கு எழுதத் தோன்றும்? தமிழில் கையெழுத்துப் பத்திரிகை என்று ஒரு அருமையான பழக்கம் இருந்தது. நம் எழுத்தாளர்கள் பலர் அதில் எழுதித்தான் கை பழகினார்கள். நாலு வெள்ளைத்தாளை மடித்துத் தைத்தால் பத்திரிகை. வகுப்புக்கு ஒன்று போதும். வீட்டுக்கு ஒன்று இருந்தாலும் சரி.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ரெண்டு பேர் அஞ்சு வகுப்பு பாக்கறோம். அட்டெண்டன்ஸ் ஆப், டிரெய்னிங், ரிப்போர்ட். இதுல கதை எங்க சார் கேக்கறது?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அரசாங்கமும் சும்மா இல்லை. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. 2023-ல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வைத்து அழகான சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். குழந்தை படிக்க இவ்வளவு யோசித்தவர்கள், குழந்தை எழுதவும் அதே அளவு யோசிக்க வேண்டும். வாரத்தில் ஒரே ஒரு பீரியட், மார்க் இல்லாமல், ரிப்போர்ட் இல்லாமல், கதைக்கு என்று ஒதுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு பீரியடிலாவது ஆசிரியரை விட்டுவிடுங்கள், அவர் குழந்தைகள் சொல்வதைக் கேட்கட்டும்.

ஆசிரியர் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. அன்றைக்கு அந்த நடுவர்கள் பயந்தது பெற்றோருக்கு. அதாவது நமக்கு. 'என் பிள்ளை பிழையில்லாம எழுதியிருக்கான், அவனுக்கு ஏன் பிரைஸ் இல்ல?' என்று கேட்கப்போகிறவர்கள் நாம்தான்.

எனவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தையை உட்கார வைத்து ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் நோட்டில் எழுதுங்கள். குறுக்கே பேசாதீர்கள். ஆபீஸிலிருந்து தினமும் லேட்டாக வரும் ஒரு அப்பா அந்தக் கதையில் வரலாம். கத்திக்கொண்டே இருக்கும் ஒரு அம்மா வரலாம். அதைத் திருத்தாதீர்கள். முடிந்தால் அதைக் கேட்டு நீங்கள் கொஞ்சம் திருந்திக்கொள்ளுங்கள்.

எனக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அந்தப் பையனின் பேப்பரை விழாக் குழுவிடம் கேட்டேன். 'பழைய பேப்பர்ல போட்டுட்டோம் சார்' என்றார்கள். அடுத்த போட்டிக்கும் என்னைக் கூப்பிட்டால் கட்டாயம் போவேன். தலைப்பு கூடாது, நீதி கூடாது, பிழைக்கு மார்க் குறைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்கவில்லை என்றால், ரயில் போனாலும் பரவாயில்லை, பட்டியலில் கையெழுத்துப் போட மாட்டேன்.